கடப்புக் கல்லில் நான் வாசித்தது

எனக்குத் தெரியாத ஓர் எழுத்தைத் தெரியும் என்று சொல்லி, ஊரார் முன்னிலையில் உரத்து வாசித்தேன். அந்த வாசிப்பினால் கண்ணகை என்ற பெண்ணின் எருமைகள் பன்னிரண்டு வருடம் தங்கள் வழியை இழந்தன. பதினொரு எருமைகள் ஆற்றோடு போயின. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் இடையில் ஏதாவது நியாயம் சொல்லித் தப்பிவிடுவேன். எனக்கு அந்தத் திறமை உண்டு.

களுதாவளையிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். "ஐயா, இத்தனை வாரமாக உங்கள் நினைவுகளைப் படிக்கிறேன். பள்ளிக்கூடக் கூரை பறந்தது, தோணி கவிழ்ந்தது, அதிபர் வழுக்கி விழுந்தது எல்லாம் எழுதிவிட்டீர்கள். ஒரு வாரத்திலாவது நீங்கள் பிழை செய்ததாகக் காணவில்லை" என்று. கடிதத்தில் கோபம் இல்லை. அவருக்காக இந்த வாரம்.

மாரி மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. காலை பத்து மணியிருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், காடு தொடங்கும் மேட்டில், கண்ணகை முழந்தாளிட்டு ஒரு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பொச்சால் பாசியைத் தேய்த்தார். பிறகு கரித்தூளை எண்ணெயில் குழைத்து, கல்லிலிருந்த பள்ளங்களுக்குள் விரலால் பூசினார். ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து வடிவங்கள் கறுப்பாக எழுந்து வந்தன.

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். எனக்கு இருபத்துமூன்று. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"இப்ப வாசியுங்க சட்டம்பியார். எங்கட ஆக்களைப் பத்தித்தான் இதில கிடக்காம்."

ஆசிரியரை அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் சட்டம்பியார் என்றுதான் அழைப்பார்கள்.

இரண்டு கல்லும் ஓர் இடைவெளியும்

நகரத்து வாசகர்களுக்காகக் கடப்பு என்றால் என்னவென்று சொல்லவேண்டும். வேலியில் ஆளும் மாடும் போய்வர விடும் இடைவெளி அது. இரண்டு பக்கமும் துளையிட்ட கம்பங்களை நட்டு, துளைகளுக்குள் குறுக்குத் தடிகளைச் செருகுவார்கள். தடியை உருவினால் வழி. செருகினால் வேலி.

பள்ளத்து வயல்களில் கம்பங்கள் மரத்தால் ஆனவை. நான் சொல்லும் மேட்டில் கிடங்கு தோண்டினால் அலவாங்கு என்னும் கடப்பாரையில் நெருப்புப் பறக்கும். அதனால் யாரோ எக்காலத்திலோ பாறைத் துண்டுகளை அடுக்கி இடுப்பளவு மதில் எழுப்பியிருந்தார்கள். அதன் கடப்பில் ஆள் உயரத்துக்கு இரண்டு கற்கள் நின்றன; கண்ணகை கழுவியது அவற்றில் ஒன்றை. ஒவ்வொன்றிலும் ஐந்து துளைகள். நட்டது யாரென்று தெரியாது. நிலத்துக்காரரான போடியார் தன் முன்னோர் என்றார். கண்ணகை தன் முன்னோர் என்றார்.

இடைவெளி மிக ஒடுக்கம். அகன்ற கொம்புள்ள எருமை நேராக வந்தால் இரண்டு கொம்பும் இரண்டு கல்லில் இடிக்கும். ஆகவே எருமை வந்து நின்று, தலையை இடப்பக்கம் சரித்து ஒரு கொம்பை உள்ளே விடும். பிறகு வலப்பக்கம் சரித்து மற்றதை. அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளும். பிறகு வயிறு இரண்டு பக்கமும் உரச, உடம்பை இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஒன்றுகூடப் பிழைவிட்டதை நான் காணவில்லை.

இரண்டு கல்லின் உட்பக்கமும், முழங்காலிலிருந்து நெஞ்சு உயரம் வரை, கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது. முதல் நாளே அதைத் தடவிப் பார்த்தேன். கல் கொத்தியவன் நல்ல வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கு

பூபாலர் போடியாரின் வயல்கள் மதிலுக்குக் கீழே இருந்தன. மாரி வெள்ளாமை விதைத்துவிட்டால் பள்ளத்தில் மாடுகளுக்கு இடமில்லை. கண்ணகை தன் பட்டியை வயலோரமாக மேலே ஓட்டி, கடப்பைத் தாண்டிக் காட்டுப் புல்லுக்குக் கொண்டுபோவார். தடியைத் தானே உருவி, கடைசி எருமையும் போனபின் தானே செருகுவார். அவருடைய தாய்க்கும் அதுதான் வழி.

அந்த வருடம் போடியார் வயலோரத்தில் புது வாய்க்கால் வெட்டியிருந்தார். எருமைகள் அதன் வரம்பை மிதித்தன. போடியார் கெட்டவர் அல்ல. வரம்பு உடைந்தது உண்மை. கடப்பை நிரந்தரமாக அடைக்கவேண்டும் என்றார். கண்ணகை மாட்டேன் என்றார். விடயம் அரசாங்கத்தின் ஊர்த் தலைவரான உடையாரிடம் போனது.

உடையார் நீண்ட விசாரணைகளை விரும்பாதவர். அவருக்கு மத்தியானச் சாப்பாடு நேரத்துக்கு வேண்டும். கல்லில் ஏதோ எழுத்து இருப்பதாக இரண்டு பக்கமும் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"எழுத்து இரிக்கெண்டா மறுகா என்ன கதை? எழுத்துப்படி செய்வம்."

வாசிக்க ஆள் வேண்டும். என் பெயரைச் சொன்னவர் போடியார். காரணம், அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் அவர் வீட்டில் தயிரும் தேனும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு, "அந்தக் கல்லில் இருப்பது ஈராயிரம் வருடத்து எழுத்து" என்று நானாகவே சொல்லியிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

கண்ணகை இதற்குச் சம்மதித்தார் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "படிச்ச மனுசன். பொய் சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போகுது?" என்றாராம்.

என்னிடம் இருந்த படிப்பு

பயிற்சிக் கல்லூரியின் வாசிகசாலைச் சுவரில் பழைய எழுத்துக்களின் படம் ஒன்று தொங்கியது. இரண்டு வருடம் அதன் கீழ் உட்கார்ந்து பத்திரிகை படித்தேன். அதில் எனக்கு நினைவிருந்தது ஓர் எழுத்து மட்டும். 'ம' என்ற எழுத்து. கீழே ஒரு வட்டம், மேலே இரண்டு கொம்பு. அது மட்டும் ஏன் நினைவில் நின்றதென்றால், பார்க்க எருமைத் தலை போல இருந்தது.

கல்லில் முதலாவதாக இருந்த வடிவம் அதுதான். வட்டமும் இரண்டு கொம்பும். மற்ற நான்கும் என்னவென்று எனக்குத் தெரியாது. ஒன்று ஏணி போல இருந்தது. ஒன்று கவிழ்த்த சட்டி போல.

"தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். நான்கு எழுத்துள்ள சொல். அதை எழுதப் பிள்ளைகளுக்குத் தினமும் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

வாசிப்பு

கல்லுக்கு முன்னால் குனிந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். பார்வையில் குறை எதுவும் இல்லை. அந்தக் கண்ணாடியைப் பயிற்சிக் கல்லூரி விட்டு வரும்போது வாங்கியிருந்தேன்.

"மாந்தர் கடக்க. மாடு கடவற்க. மீறினார் குலம் மீளாது."

அந்தக் காலத்துத் தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்த தமிழில் சொன்னேன். கூட்டம் தலையாட்டியது. போடியாரின் வயல்களை மேற்பார்க்கும் முல்லைக்காரன் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.

"சட்டம்பியார், அஞ்சு எழுத்துக்குள்ள இம்மட்டு வசனமா?"

"அந்தக் காலத்தில் சுருக்கி எழுதுவார்கள்" என்றேன்.

"நம்மட உடையார்ர தீர்ப்பு மாதிரி" என்றான் அவன். உடையாரே சிரித்தார்.

சிரிப்பு அடங்கியபின் கண்ணகை முன்னே வந்தார். முதல் வடிவத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது எங்கட மாட்டுக்குறி மாதிரியெல்லோ இரிக்கி, சட்டம்பியார்?"

எங்கள் பக்கத்தில் மாடுகளுக்குக் குறிசுடுவது வழக்கம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வடிவம். காய்ச்சிய கம்பியால் தொடையில் இழுப்பார்கள். மகள் தாயின் குறியைத்தான் வைப்பாள். கண்ணகை பக்கத்தில் நின்ற எருமையைப் பிடித்துத் திருப்பினார். "இஞ்ச பாருங்க. வட்டம், ரெண்டு கொம்பு. இதுதானே அது?"

போடியார் முந்திக்கொண்டார். "என்னகா கண்ணகை, எருமைர குண்டியையும் சட்டம்பியார் வாசிக்கணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வகுப்பில் பேசுவது போல விளக்கினேன். "இது 'ம' என்னும் எழுத்து. மாடு என்ற சொல்லின் முதல் எழுத்து. உங்கள் குறி இதைப் போல இருப்பது தற்செயல்."

கண்ணகை எருமையை விட்டுவிட்டார். கல்லைப் பார்த்தார். எருமையின் தொடையைப் பார்த்தார்.

"அப்ப, மாடு போகப்படாதெண்ட எழுத்தையா நாங்க மாட்டிலயே சுட்டு வச்சிரிக்கிறம்?"

உடையார் குடையை விரித்தார். விசாரணை முடிந்தது. அவருக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்தது.

ஆற்று வழி

இரண்டு நாளில் கடப்பை மதிலோடு மதிலாகக் கல்லடுக்கி அடைத்தார்கள். கண்ணகை தன் பட்டியை ஆற்றங்கரையால் சுற்றி ஓட்டினார். அரை நாள் நடை. இடையில் ஒரு துறை. கோடையில் முழங்காலளவு தண்ணீர். மாரியில் அளவு கிடையாது. எருமை நீந்தும். ஆனால் வெள்ளத்தோடு மரம் வந்தால் எருமையால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாம் வருடம் அது நடந்தது. எனக்குச் சொன்னவர் ஏறாவூரிலிருந்து தயிர்ச் சட்டி ஏற்ற வரும் வியாபாரி ஒருவர். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கேட்டார். வண்டி வெறுமையாக இருந்தது.

"தயிர் இல்லையா?" என்று கேட்டேன்.

"எங்கால தயிர், சட்டம்பியார்? கண்ணகை அக்காட பட்டியில பதினொண்டு ஆத்தோட பெயித்து. அல்லாட காவல், மனிசி ஒரு மரத்தைப் பிடிச்சுத் தப்பிட்டா." குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தார். "அந்தக் கடப்பு மட்டும் கிடந்திருந்தா..." என்றார். வண்டியில் ஏறினார். அவருக்கு நான்தான் வாசித்தவன் என்பது தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த வருட மழை வழக்கத்தைவிட அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் நகரத்துக்கு மாற்றம் கிடைத்தது. அங்கே ஆசிரியர் கூட்டங்களில் கல் வாசித்த கதையைச் சொல்வேன். ஆற்றுப் பகுதியைச் சொல்வதில்லை. கதை நன்றாக எடுபட்டது.

கல்லைப் பார்க்க வந்தவர்

அகங்காரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பழைய கல்வெட்டுகளைப் பார்வையிடும் அதிகாரி ஒருவருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். நான் கண்டுபிடித்து வாசித்த கல்வெட்டை வந்து பார்க்கும்படி. அவர் வந்துவிட்டார்.

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினார். குள்ளமான மனிதர். கையில் காகிதச் சுருளும் ஒரு தும்புத் தூரிகையும். மாட்டு வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன்.

கல்லின்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டித் தூரிகையால் தட்டினார். காய்ந்தபின் மை ஒற்றினார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதை எழுத்து என்று சொன்னது யார்?"

"மேலே இருப்பது 'ம' அல்லவா?" என்றேன்.

அவர் திரும்பி, வண்டியில் பூட்டியிருந்த மாட்டைப் பார்த்தார். "அது 'ம' என்றால், உங்கள் மாட்டின் தொடையிலும் என்னவோ எழுதியிருக்கிறது. அதையும் வாசியுங்கள்."

ஐந்தும் மாட்டுக்குறிகள். ஐந்து குடும்பங்களின் மந்தைகளுக்கு இந்த வழியில் உரிமை இருந்திருக்கும், மறக்காதிருக்கக் கல்லில் வெட்டியிருப்பார்கள் என்றார். முதலாவது குறி யாருடையது என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன். அன்று உண்மையாகவே தெரியும்.

புறப்படும்போது அடைப்புக்கு மேலால் கையை நீட்டி, கல்லின் உட்பக்கத்தைத் தடவினார். "வாசிக்கவேண்டியது இதைத்தான். இப்படி வழுவழுப்பாக எத்தனை நூறு வருட வயிறு உரசியிருக்கவேண்டும்?" குறிப்புப் புத்தகத்தில் 'கல்வெட்டு அல்ல' என்று எழுதி மூடினார்.

நான் செய்து பார்த்தது

உடையார் பதவியெல்லாம் அப்போது மறைந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பதிலாகப் புதிதாக வந்திருந்த அரசாங்கக் காரியாதிகாரியிடம் போய், இரண்டு பக்கத்தில் என் கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போடியாரிடம் ஏதாவது வாங்கினீர்களா?"

"இல்லை."

"அவர் கேட்டுக்கொண்டாரா?"

"இல்லை."

"பின் ஏன் செய்தீர்கள்?"

"தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "அப்படி ஒரு குற்றம் எங்கள் சட்டத்தில் இல்லையே" என்றார். ஆனால் நல்ல மனிதர். என் வாசிப்பைத் தவிர அடைப்புக்கு வேறு ஆதாரம் இல்லை என்று கண்டு, கடப்பைத் திறக்கச் சொல்லி உத்தரவு எழுதினார்.

பட்டியடியில் கண்ணகை பால் கறந்துகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நின்றபடியே சொன்னேன். அன்று எனக்கு எழுத்துத் தெரியாது, இட்டுக்கட்டிச் சொன்னேன், கல்லில் இருப்பது உங்கள் குறி என்று. அவர் கறப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப அது எழுத்தில்லயா?"

"இல்லை."

"நான் அண்டைக்கே சொன்னனே."

"ஓம். சொன்னீர்கள்."

சட்டி நிறையும்வரை கறந்துகொண்டே இருந்தார். அப்போதுதான் எருமைகளின் தொடைகளைப் பார்த்தேன். ஒன்றிலும் வட்டமும் கொம்பும் இல்லை. மூன்று நேர்கோடுகள் மட்டும். வயதான எருமைகளில் பழைய குறியின்மேலேயே புதியதைச் சுட்டிருந்தார். தோல் தடித்து, அடியில் என்ன இருந்ததென்று தெரியாமல் போயிருந்தது.

"ஆத்தில போனதுக்குப் பிறகு மாத்தினன்" என்றார். "போகப்படாதெண்ட எழுத்தைத் தொடையில வச்சுக்கொண்டு ஆத்தை எப்படிக் கடக்கும்? எல்லாத்தையும் கட்டி வச்சு, மேலால சுட்டன். ஒரு கிழமை கத்திச்சுதுகள்."

கடப்பு

அடைப்பை நானே பிரித்தேன். மூன்று நாள் ஆனது. பூபாலர் போடியார் கிழவராகியிருந்தார். நாற்காலி போட்டு, குடை பிடித்துக்கொண்டு பார்த்தார். அவருக்கு என்மேல் கோபம் இல்லை.

"நான் என்ன செய்ய? நீங்கதானே வாசிச்சீங்க" என்றார் முதல் நாள். இரண்டாம் நாள், நான் ஒரு பெரிய கல்லைத் தூக்க முடியாமல் தடுமாறியபோது, "அதையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்க, சட்டம்பியார். என்னத்துக்கு வர மாட்டனெண்டுதெண்டு பாப்பம்" என்றார்.

நான்காம் நாள் கண்ணகை பட்டியை ஓட்டிவந்தார். முன்னால் வந்த எருமை இரண்டு கொம்பையும் இரண்டு கல்லில் இடித்துக்கொண்டு நின்றது. அடுத்ததும் அப்படியே. கொம்பைச் சரிக்க ஒன்றுக்கும் தெரியவில்லை. தெரிந்தவை எல்லாம் ஆற்றோடு போயிருந்தன, அல்லது செத்திருந்தன. எருமைக்கு அதை யாரும் கற்பிப்பதில்லை. முன்னால் போவதன் பின்னால் போய்த்தான் அது பழகும்.

"நீங்க முன்னுக்குப் போங்க, சட்டம்பியார்" என்றார் கண்ணகை. கேலியாகச் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கல்லிடையே புகுந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். அத்தனை எருமைகளும் என்னைப் பார்த்தன. ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறியது. போடியார்கூட எழும்பிப் போய்விட்டார். அப்போது ஒரு கன்று, கொம்பு முளைக்காதது, தாயின் வயிற்றின் கீழால் நுழைந்து என் பக்கம் வந்துவிட்டது. வந்ததும் தாயைக் காணாமல் கத்தியது. தாய் ஓடிவந்து கல்லில் இடித்தது. பின்வாங்கியது. மறுபடி இடித்தது. பிறகு தலையை இடப்பக்கம் சரித்தது. ஒரு கொம்பு உள்ளே வந்தது. கண்ணை மூடிக்கொண்டது.

அன்று மாலைக்குள் ஏழு எருமைகள் கடந்தன. மற்றவற்றை ஆற்றால் சுற்றித்தான் கொண்டுபோனார். இரண்டு மாரி கழித்தே பட்டி முழுவதும் கடப்பால் போகத் தொடங்கியது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். குறிசுடும் காலம் வந்தபோது, நகரத்துக் கொல்லரிடம் வட்டமும் இரண்டு கொம்புமாக ஓர் இரும்புக் குறி அடிப்பித்துக்கொண்டு போனேன். வடிவம் பிசகாதிருக்க, கல்வெட்டு அதிகாரி கல்லில் ஒற்றியெடுத்து எனக்குத் தந்த காகிதப் படியையே கொல்லருக்குக் காட்டியிருந்தேன். பட்டியடியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கன்றுகள் கட்டியிருந்தன.

கண்ணகை இரும்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்டத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"வேலை நல்லாத்தான் இரிக்கி" என்றார். என்னிடமே திருப்பித் தந்தார். "ஆனா இது இனி உங்கட எழுத்து, சட்டம்பியார். நீங்களே வச்சிரிங்க."

நுனி வளைந்த தன் பழைய கம்பியை நெருப்பிலிருந்து எடுத்து, முதல் கன்றுக்கு மூன்று கோடு இழுத்தார். அடுத்த கன்றின் தலையைப் பிடித்திருக்கச் சொன்னார். பிடித்திருந்தேன்.